ஊன்றுபல்லும் சங்கத்தின் கடமையும்

நூல் விலையும் உர விலையும், தவணையும் வட்டியும் பேசப்பட்டு வரும் இப்பக்கங்களில் பல்லைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நமது துணிபு. கூட்டுறவு என்பது பண்டத்தை விற்பதற்கும் பணத்தைக் கொடுப்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. உழைப்பவன் உடல் தளராமல் உழைப்பதற்கும், உழைப்பு ஓய்ந்த பின்னர் மானத்தோடு உண்டு வாழ்வதற்கும் வழி காட்டுவதும் அதன் கடமையே. மேலும், நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் நகையை அடகு வைத்துப் பல் கட்டிக்கொள்ளும் காலம் இப்போது வந்துவிட்டது. கடன் எங்கே நுழைகிறதோ அங்கே ஒரு சொல் சொல்லச் சங்கத்துக்கும் உரிமை உண்டு.

பேருந்து நிலையத்துச் சுவரிலும் கைப்பேசித் திரையிலும் "நிலையான பல், ஒரே நாளில்" என்னும் விளம்பரங்களை நாம் அனைவரும் காண்கிறோம். அவற்றைக் கண்டு மயங்கி, வாய் முழுவதும் புதுப் பல் பொருத்திக்கொள்ள இலட்சக்கணக்கில் கடன்படுவோர் ஒரு சாரார். "இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு; கிழவனுக்குப் பல் எதற்கு?" என்று ஒதுக்கித் தள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தவறான வழியில் செல்வதாகவே நாம் எண்ணுகிறோம். தாடை எலும்பில் ஊன்றும் பல் உண்மையான ஒரு நன்மை. ஆனால் அது எவருக்கு, எத்தனை, எந்த முறையில், என்ன செலவில் என்பதை ஆராய்ந்து ஏற்றால்தான் நன்மையாக இருக்கும். அந்த ஆராய்ச்சியைத் தனி ஆளின் தலையில் சுமத்தாமல் சங்கம் தானே மேற்கொள்ள வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் சாரம்.

பல்லோடு போவது யாது?

வளர்ந்த மனிதனுக்குப் பற்கள் 32. முன்பற்கள் கடித்து நறுக்கும். கடைவாய்ப் பற்கள் அரைக்கும். பல் போனால் சொல் போகும் என்று நம் பெரியோர் கூறினர். சொல்லுக்கு முன்னே சோறு போய்விடுகிறது என்பதை நாம் அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைவாய்ப் பற்களை இழந்தவர் முதலில் நிலக்கடலையை விடுகிறார். பிறகு சோளத்தையும் கொண்டைக்கடலையையும் விடுகிறார். பின்னர்க் காய்கறியையும் கீரைத் தண்டையும் ஒதுக்குகிறார். குழையக் குழைய வடித்த வெள்ளைச் சோறும் ரசமும், தேநீரில் நனைத்த பிஸ்கோத்துமே கடைசியில் அவருக்கு உணவாகின்றன. நீரிழிவு பரவியுள்ள இந்நாளில் முதியவருக்கு இதைவிடப் பொருந்தாத உணவு வேறில்லை. கடலையை விளைவித்தவரே அதைக் கடித்துத் தின்ன முடியாமல் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு இருக்க நேர்வது நம் ஊர்களில் புதுமையன்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 20 வயதுக்கு மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ 100-க்கு 7 பேர் பற்கள் அனைத்தையும் இழந்தவர்கள். 60 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 100-க்கு 23 ஆகிறது. நால்வரில் ஏறக்குறைய ஒருவர் பொக்கை வாயர் என்று இதற்குப் பொருள்.

பல் போனால் எலும்பும் தேய்கிறது என்பதைப் பலர் அறியார். பல்லின் வேர் தாடையில் இருக்கும் வரையில், மெல்லும் அழுத்தம் அவ்வேரின் வழியே எலும்புக்குச் சென்று அதனைக் காக்கிறது. வேரை எடுத்துவிட்டால் அவ்விடத்து எலும்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. கன்னம் குழிவிழுவதும், மோவாய் மூக்கை நோக்கி எழுவதும் இதனாலேயாம். நேற்று இறுக்கமாக இருந்த பல் செட் இன்று ஆடுவதற்கும் காரணம் இதுவே. செட் மாறவில்லை, அதன் அடியில் இருந்த மேடுதான் தாழ்ந்துவிட்டது.

கழற்றி மாட்டும் பல் செட்டை நாம் குறைத்துப் பேசவில்லை. குறைந்த செலவில் முகத்துக்கும் பேச்சுக்கும் உணவுக்கும் அது உதவுகிறது. எனினும் ஈறின்மேல் உட்கார்ந்து வேலை செய்யும் செட்டால் இயற்கைப் பல்லின் வலிமையில் கால் பங்குக்கு மேல் மெல்ல முடிவதில்லை. மேல்வாய்ச் செட் அண்ணத்தைப் பற்றிக்கொண்டு ஒருவாறு நிற்கும். கீழ்வாய்ச் செட்டுக்கோ அப்படிப் பற்றிக்கொள்ள இடமில்லை. நாக்கு அசையும்போதெல்லாம் அதுவும் எழும். கீழ்ச் செட்டைச் சாப்பிடும் நேரத்தில் கழற்றி வைத்துவிட்டு, விருந்தினர் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் முதியோர் எத்தனையோ பேர்! சாப்பிடுவதற்கென்று வாங்கிய பொருள் சாப்பிடும் நேரத்தில் பயன்படாமற் போனால் அது பாதிக்கு மேல் வீண்தானே?

ஊன்றுபல் வந்த வரலாறு

மருத்துவர்கள் "இம்ப்ளாண்ட்" என்றும் பாடநூல்கள் "பல் உள்வைப்பு" என்றும் கூறுவதை எளிமை கருதி இங்கே ஊன்றுபல் என்று அழைப்போம். பல்லின் வேர் இருந்த இடத்தில், தாடை எலும்பைத் துளைத்து, டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு திருகாணி ஒன்றைப் பதிக்கிறார்கள். அதன் குறுக்களவு பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர். நீளம் 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை. எலும்பு அத்திருகாணியைத் தன்னோடு சேர்த்துப் பற்றிக்கொண்ட பிறகு, அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டையும், அதற்கும் மேல் பல் வடிவிலான உறையையும் பொருத்துகிறார்கள்.

இம்முறை தற்செயலாய்க் கிடைத்த ஓர் அறிவிலிருந்து பிறந்தது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில், பேர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1950-களில் எலும்புக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியைப் பொருத்தி, அதன் வழியே உள்ளே நோக்கினார். ஆராய்ச்சி முடிந்து கருவியை வெளியே எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்ட உடனே மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று தானே உண்டாகிறது. அப்படலத்தை உடல் பகையாகக் கருதி விலக்குவதில்லை. எலும்பு அதனை ஒட்டியே வளர்கிறது. உடலுக்குள் ஓர் உலோகம் எலும்போடு இவ்வாறு இணையக்கூடும் என்பதை அக்காலத்து மருத்துவ உலகம் நம்பவில்லை.

ஆயினும் பிரோனெமார்க் தம் முயற்சியைக் கைவிடவில்லை. யோதபோரி நகரில், தாடையில் பிறவிக் குறைபாடு உடையவரும் பல்லில்லாமல் துன்புற்றவருமான ஒருவருக்கு 1965-இல் முதன்முதலாக ஊன்றுபல் பதித்தார். அம்மனிதர் 2006-இல் இறக்கும் வரையில், 40 ஆண்டுகளுக்கு மேல், அந்தப் பற்கள் அவருக்குப் பயன்பட்டன. 1981-இல் அவருடைய குழுவினர் 15 ஆண்டு அனுபவத்தைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 371 நோயாளிகளுக்குப் பதித்த 2,768 திருகாணிகளைப் பற்றிய கணக்கு அது. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் வரை கவனிக்கப்பட்டவற்றில், மேல் தாடையில் 100-க்கு 81-உம் கீழ்த் தாடையில் 100-க்கு 91-உம் அசையாமல் நின்றிருந்தன. அடுத்த ஆண்டு, 1982-இல், கனடாவின் டொரொன்டோ நகரில் கூடிய மாநாட்டில் இந்த முறை உலகத்தார்முன் வைக்கப்பட்டது. அதன் பின்னரே அமெரிக்கக் கண்டத்தில் இது பரவிற்று. இன்று திருகாணியின் மேற்பரப்பைச் செப்பம் செய்யும் முறைகள் வளர்ந்துள்ளன. தகுந்தவரைத் தேர்ந்து முறையாகச் செய்தால், 10 ஆண்டுக்குப் பின்னும் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை நிலைத்திருக்கின்றன.

இந்த உலோகத்தின் மூலப்பொருளான இல்மனைட் மணல் நமக்கு அயலானதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், அதற்கு வடக்கே கேரளத்துச் சவறாக் கரையிலும் கறுத்து மின்னும் மணலில் அது கலந்திருக்கிறது.

வேலை நடக்கும் விதம்

முதலில் வாயையும் ஈற்றையும் சோதித்து, எலும்பின் உயரமும் அகலமும் எவ்வளவு என்பதை எக்ஸ்ரே படத்தாலும், வேண்டுமானால் முப்பரிமாண ஸ்கேனாலும் அறிகிறார்கள். கீழ்த் தாடைக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. மேல் தாடையின் கடைவாய்ப் பகுதிக்கு மேலே காற்றறை ஒன்று உள்ளது. இவ்விரண்டையும் தொடாமல் துளைக்க வேண்டும். படமெடுக்காமலே "உடனே போட்டுவிடலாம்" என்று சொல்வாரிடம் வாயைத் திறவாமல் இருப்பதே நலம்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, நீர் விட்டுக் குளிர்வித்துக்கொண்டே மெதுவாகத் துளைக்கிறார்கள். எலும்பின் சூடு 47 பாகை செல்சியசை எட்டி ஒரு நிமிடம் நீடித்தாலே அவ்விடத்து எலும்பு கெட்டுவிடும் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். பதித்த பிறகு காத்திருக்க வேண்டும். கீழ்த் தாடைக்கு 3 மாதம், மேல் தாடைக்கு 6 மாதம் என்பது பிரோனெமார்க் வகுத்த பழைய விதி. இன்று பலருக்கு அதற்கும் குறைந்த காலமே போதுமானதாயிருக்கிறது. குழித்தறிக்குக் கால் நட்டவர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நட்ட கால் மண்ணில் இறுகுமுன் தறியை ஓட்டினால் தறியும் ஆடும், துணியும் கோணும்.

"ஒரே நாளில் பல்" என்பது முழுப் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். எலும்பு அடர்த்தியாக இருந்து, திருகாணி தொடக்கத்திலேயே இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அன்றே ஒரு தற்காலிகப் பல்லைப் பொருத்துவது உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது இயலாது. அன்று பொருத்துவது இறுதிப் பல்லும் அன்று. விளம்பரம் இந்த இரண்டு உண்மைகளையும் விழுங்கிவிடுகிறது.

விளம்பரம் சொல்லாத செய்திகள்

ஊன்றுபல்லுக்குச் சொத்தை இல்லை; ஆனால் நோய் உண்டு. அதைச் சுற்றிலும் அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி, சீழ் பிடித்து, எலும்பு கரைந்து, கடைசியில் திருகாணியே ஆடத் தொடங்கும். சொந்தப் பல்லைக் காக்காமல் இழந்த அதே பழக்கங்களோடு ஊன்றுபல்லைப் பெறுகிறவர் அதனையும் இழப்பார். புகை பிடிப்போருக்கு ஊன்றுபல் தவறும் வாய்ப்பு மிகுதி. கட்டுப்படாத நீரிழிவு உடையவருக்குப் புண் ஆறுவது தாமதப்படும். எலும்பு மெலிவுக்காகச் சில மருந்துகளை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு இதனைச் செய்வதில்லை. தாடை வளர்கையில் மற்றப் பற்கள் அதனோடு எழும், ஊன்றிய பல் மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். ஆனால் முதுமை மட்டும் ஒரு தடையன்று. உடல் நலமாயிருந்தால் 70 வயதினரும் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரியதொரு செய்தி உண்டு. பிடுங்காமல் காக்கக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு ஊன்றுபல் வைப்பது இலாபமன்று, நட்டம். வேர் சிகிச்சை செய்து உறை போட்டால் பல்லாண்டு நிற்கக்கூடிய பல்லை எடுக்கச் சொல்லும் யோசனை எவரிடமிருந்து வந்தாலும், வேறொரு மருத்துவரையும் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அங்கத்தினரை வற்புறுத்துகிறோம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் உண்டு. கல் கடிபட்டால் உடனே உணர்த்துபவை அவைதாம். அந்த உணர்வை எந்த உலோகமும் நமக்குத் திருப்பித் தரமாட்டாது.

இங்கே நம்மவர்க்குக் கசக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலும் பாக்குத் தோப்பும் நம் அங்கத்தினர் பலருக்கு வாழ்வு அளிப்பவை. தறியிலும் வயலிலும் அசதி தீரப் புகையிலையோடு தாம்பூலம் தரித்துக்கொள்வதும் நெடுநாளைய வழக்கம். எனினும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்குப் போட்ட வெற்றிலையைப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2004-ஆம் ஆண்டு நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கை இடைவிடாது மெல்லுவோருக்கு வாயின் உட்புறம் இறுகி, வாயே திறக்க முடியாமற் போவதும் உண்டு. பயிரிடுகிறோம் என்பதற்காக உண்மையை மறைத்தல் கூட்டுறவுப் பண்பு ஆகாது. ஊன்றுபல்லுக்குக் கடன் கேட்பவர் புகையிலையை விட்டாரா என்று கேட்பதைச் சங்கத்தார் அதிகப் பிரசங்கித்தனமாகக் கொள்ளவேண்டியதில்லை.

எளியவருக்கு ஏற்ற வழி

தனியார் மருத்துவமனைகளில் ஓர் ஊன்றுபல்லுக்கு உறையோடு சேர்த்து 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை கேட்பது இப்போது பொதுவாகக் காணப்படும் நிலை. எலும்பு குறைவாக இருந்து அதனை நிரப்ப வேண்டியிருந்தால் செலவு ஏறும். வாய் முழுவதற்கும் நிலையான பல் என்றால் செலவு இலட்சங்களில் போய் நிற்கும். ஒரு நெசவாளர் குடும்பம் அத்தொகையை எத்தனை சேலைக் கூலியில் மிச்சப்படுத்தும் என்பதை நாம் கணக்கிட்டுக் காட்டத் தேவையில்லை.

ஆனால் முழு வாய்க்கும் ஊன்றுபல், அல்லது ஒன்றுமே இல்லை என்னும் இரண்டு வழிகள்தாம் உள்ளன என்று எண்ணுவது பிழை. கீழ்வாயில் பல்லே இல்லாதவருக்கு முன்புறத்தில் இரண்டே திருகாணிகளைப் பதித்து, அவற்றின் தலையில் அழுத்துப் பொத்தான் போன்ற பிடிப்பை வைத்து, அதன்மேல் வழக்கமான பல் செட்டை மாட்டிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. செட் அப்போது நாக்கோடு எழாது. கடலையையும் காய்கறியையும் மெல்லும் துணிவு வரும். வேண்டும்போது கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். 2002-ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள், கீழ்வாய்ப் பற்களை முற்றிலும் இழந்தவருக்கு முதலில் அளிக்கத்தக்க சிகிச்சை இவ்விரண்டு திருகாணிச் செட்டே என்று ஒருமித்துக் கூறினார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதனையே வழிமொழிந்தனர். பொத்தானுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது ஒன்றே அடிக்கடி வரும் சில்லறைச் செலவு.

ஆகவே நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. இருக்கும் பல்லைக் காப்பது முதற்கடமை. எல்லாப் பல்லும் போய்விட்டவருக்கு நன்றாக அமைந்த செட் அடுத்தது. கீழ்ச் செட் நிற்கவில்லையானால் இரண்டு திருகாணிகள் மூன்றாவது. இளம் வயதில் ஒரு பல்லை மட்டும் இழந்து, பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருப்பவருக்குத் தனி ஊன்றுபல் நியாயமான செலவே. பக்கத்துப் பற்களை அராவிப் பாலம் கட்டுவதைவிட அது மேலானதாக இருக்கக்கூடும். வாய் முழுவதும் நிலையான பல் என்பது கையில் மிச்சப் பணம் உள்ளவர்க்கு உரியது. கடன் வாங்கிச் செய்துகொள்ளத்தக்கது அன்று.

கடன் கொடுக்கும் முறை

சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பல்லுக்குக் கடன் கொடுப்பது வீண் செலவுக்குக் கடன் கொடுப்பதாகும் என்று கருதும் இயக்குநர்கள் சிலர் உண்டு. கல்யாண விருந்துக்கும் காதுகுத்துக்கும் என்று சொல்லாமலே வாங்கப்படும் நகைக்கடனைக் கேள்வியின்றி வழங்கிவிட்டு, வாய்க்கு உணவு போவதற்குக் கேட்கும் கடனை மட்டும் வீண் என்பது நேர்மையாகாது. ஆனால் கேட்டவுடன் முழுத் தொகையையும் தூக்கிக் கொடுத்துவிடுவதும் சரியன்று.

பயிர்க்கடனைப் பருவத்துக்கு ஏற்பப் பகுத்துக் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். இக்கடனையும் அவ்வாறே மூன்று தவணையாகக் கொடுக்கலாம். திருகாணி பதிக்கும்போது ஒரு பகுதி. எலும்பு பிடித்துக்கொண்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு பகுதி. பல் பொருந்தி அங்கத்தினர் மென்று பார்த்த பிறகு மீதி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, திருகாணி தவறிய பின் நோயாளியை அலைய வைப்பவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. பணம் படிப்படியாகப் போகுமானால் அந்த இடர்ப்பாடு பெரிதும் குறையும்.

கடன் வழங்குமுன் மூன்று காகிதங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டம். அதில் மொத்தச் செலவும் காலமும், தவறினால் மறுபடி செய்வது யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலோ அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ பெற்ற மறு யோசனை. 1953-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியோடு சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இன்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாவது, பதித்த பின் கொடுக்கவேண்டியது: திருகாணியின் தயாரிப்புப் பெயர், அளவு, வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு. இச்சீட்டு இல்லாவிட்டால், பத்தாண்டு கழித்து ஒரு சிறு பாகம் உடைந்தாலும் அதற்குப் பொருந்தும் பாகத்தைத் தேட முடியாது. நாடாவுக்கும் அச்சுக்கும் அளவு குறித்து வைக்கும் நமக்கு இதன் அவசியம் எளிதில் விளங்கும்.

தறிக்குத் தேய்மான நிதி ஒதுக்குவதுபோல், ஊன்றுபல் பெற்றவரும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வரவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்வதற்கு அது பயன்படும். வாங்கிய அன்றோடு செலவு முடிந்தது என்பது தறிக்கும் பொருந்தாது, பல்லுக்கும் பொருந்தாது.

ஒன்றுபட்டால் இயலும்

கூட்டுறவு மருத்துவம் வெறுங் கனவன்று. அண்டை மாநிலமான கர்நாடகத்தில், கூட்டுறவு அங்கத்தினரான உழவர்களுக்கென்று "யஷஸ்வினி" என்னும் திட்டம் 2003-ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிற்று. மாதம் 5 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தியவருக்கு நூற்றுக்கணக்கான அறுவைச் சிகிச்சைகள் பதிவு பெற்ற மருத்துவமனைகளில் கிடைத்தன. 2018-இல் அரசின் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டு நின்றுபோன அத்திட்டம், மக்கள் அதனை மறவாமையால் 2022-இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. தனி ஆளாகச் சென்றால் கதவைத் தட்டவும் தயங்கும் உழவன், பல இலட்சம் பேரில் ஒருவனாகச் சென்றபோது அவனுக்கெனக் கட்டணம் நிர்ணயித்துக் காத்திருந்தனர். கூட்டுறவின் ஆற்றல் இதுவே.

இதற்கு மாறாக, கைத்தறி நெசவாளருக்கென்று மத்திய அரசு 2005-06-இல் தொடங்கிய உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை அளித்த அத்திட்டம் பலருக்கு உதவியது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். அதில் பல் சிகிச்சைக்கு என்று ஒதுக்கிய உச்ச வரம்பு 250 ரூபாய்! பல்லைப் பிடுங்கிக்கொள்ள அது போதும்; காப்பாற்றிக்கொள்ளப் போதாது. திட்டம் தீட்டுவோர் கண்ணில் ஏழையின் பல் எவ்வளவு சிறியதாய்த் தெரிந்தது என்பதற்கு இந்த எண் ஒன்றே சான்று. எனவே பல்லுக்குரிய பங்கை நாமே கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு முன் நம்மால் இயன்றதை நாமே தொடங்கவும் வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், நிகர இலாபத்திலிருந்து பொது நல நிதிக்குச் செல்லும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பல் நலத்துக்கு ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை பல் பரிசோதனை முகாம் நடத்தலாம். அண்டைச் சங்கங்கள் பத்தோ பதினைந்தோ ஒன்றுகூடி, பல் செட்டுக்கும் இரண்டு திருகாணிச் சிகிச்சைக்கும் நிலையான கட்டணம் பேசி, ஒரு மருத்துவமனையோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். நூலை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை அறிந்த நாம், மருத்துவத்தை மட்டும் சில்லறையாக வாங்கிக்கொண்டிருப்பது ஏன்?

"பல் போவது முதுமையின் இயல்பு, இயற்கையோடு போராடலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பார்வை மங்குவதும் இயல்புதான். ஆனால் கண்புரையை எடுக்காமல் எவரையும் நாம் இன்று குருடராக விடுவதில்லை. முதுமை இயல்பு, பல் போவது பெரும்பாலும் சொத்தையாலும் ஈறு நோயாலும் வருவது. இவ்விரண்டையும் தடுக்க முடியும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு நாள்தோறும் பல் துலக்கிய மரபு நம்முடையது. இன்று அதன் இடத்தில் பிரஷும் ஃப்ளோரைடு கலந்த பற்பசையும் இருக்கின்றன; இரவில் படுக்குமுன் துலக்குவதுதான் நம்மில் பலரிடம் இன்னும் ஏற்படாத வழக்கம்.

"சங்கத்தின் பணம் கைம்முதலுக்கே போதவில்லையே" என்பது மற்றொரு தடை. அது மெய்தான். ஆனால் நாம் கேட்பது பெருந்தொகையன்று. ஒழுங்கான விதியும், ஒன்றுபட்ட பேரமும், சிறிது அக்கறையுமே ஆகும். முகாம் நடத்த ஒரு மண்டபமும் ஒரு நாளும் போதும். கடனை மூன்று தவணையாக்க ஒரு தீர்மானம் போதும்.

வரும் ஆண்டுப் பொதுப் பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, அங்கத்தினர் மனம் விட்டுப் பேச இடமளிக்குமாறு எல்லாச் சங்கத்து நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினரும் அதுவரை இரண்டு செயல்களை மேற்கொள்ள வேண்டும். பல்லில் கூச்சமோ ஈற்றில் இரத்தமோ கண்டவர் வலி வரும் வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஊன்றுபல் வைத்துக்கொள்ள எண்ணுவோர் பணத்தைக் கொடுக்குமுன் திட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு சங்கத்தாரிடம் காட்ட வேண்டும். பல்லுக்கான தீர்மானத்தை எந்தச் சங்கம் முதலில் நிறைவேற்றுகிறதோ அதன் விதிகளை இப்பக்கங்களில் முழுமையாக வெளியிட நாம் காத்திருக்கிறோம்.